பிரசவ இரத்தப்போக்கு: ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் எது உயிரைக் காக்கிறது, எது காப்பதில்லை

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளில் பிரசவத்தின்போது இத்தனை பெண்கள் இறப்பது ஏன்? மருத்துவமனை கட்டி, கருவிகளையும் மருத்துவர்களையும் அனுப்பினால் குறையாதா?

ஓரளவு குறையும். ஆனால் கட்டடமும் மருந்தும் ஊழியரும் இருக்கிற இடங்களிலேயே ஏராளமான பெண்கள் இறக்கிறார்கள். எனவே அங்கே என்ன தவறுகிறது என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. பெண்களின் இனப்பெருக்க நலம் பெரிய விஷயம். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் விளங்காது. அதனால் அதிக உயிர்களைப் பறிக்கும் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்: குழந்தை பிறந்த பிறகு வரும் இரத்தப்போக்கு.

முதலில் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் உலகில் இறந்த பெண்கள் சுமார் 2,60,000. அவர்களில் 70 சதவீதம் பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். நைஜீரியாவில் மட்டும் சுமார் 75,000. அங்கே ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 993 தாய்மார் இறக்கிறார்கள், சாடில் 748, இந்தியாவில் 80. ஆனால் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதும் தவறு. ருவாண்டாவின் தேசியக் கணக்கெடுப்புகளில் இந்த எண் 2000-இல் 1,071. 2019-20-இல் அது 203. அதே கண்டம்தான், பணக்கார நாடும் அல்ல.

இந்த மரணங்களில் கால் பங்குக்கு மேல், சுமார் 27 சதவீதம், இரத்தப்போக்கால் நேர்பவை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகிச் சுருங்குவதுதான் அவற்றை மூடுகிறது. தசை சுருங்காமல் தளர்ந்து போவதே பத்தில் ஏழு கேஸ்களுக்குக் காரணம். மற்றவை: பிறப்புவழியில் கிழிசல், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குவது, இரத்தம் உறையாமல் போவது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம். பரவலாக வரும் மற்றப் பேறுகாலச் சிக்கல்கள் இவ்வளவு குறுகிய அவகாசம் தருவதில்லை.

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது, விலையும் குறைவுதான். பெரிய ஓட்டை வேறு இடத்தில்: எவ்வளவு இரத்தம் போகிறது என்று யாரும் அளப்பதில்லை. பல ஆண்டுகளாக உலகம் முழுவதும், பணக்கார நாடுகளிலும், பிரசவ அறையில் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே சொல்லும். போன இரத்தம் அதிகமாக அதிகமாகப் பிழையும் அதிகமாகும். துணியில் ஊறியது, பனிக்குட நீரோடும் சிறுநீரோடும் கலந்தது, கட்டிலின் அடியில் வழிந்தது எதுவும் கணக்கில் வராது. இன்னொன்று: பீறிட்டுப் பாய்ந்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். இறந்துபோகிறவர்களில் பலருக்கு அப்படிப் பாய்வதில்லை. ஒரே சீராகக் கசிந்துகொண்டே இருக்கும். மருத்துவச்சி அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு லிட்டர் போயிருக்கும்.

பி.பி.யை நம்பியிருப்பதும் ஆபத்து. இளவயதுப் பெண்ணின் உடல் இரத்த இழப்பை நெடுநேரம் ஈடுகட்டும். மேல் அழுத்தம் விழும்போது கால் பங்கு இரத்தத்துக்கு மேல் போயிருக்கலாம். நாடித் துடிப்புதான் முன்னதாக ஏறும். அதனால் நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். நாடி 110, மேல் பி.பி. 100 என்றால் விடை 1.1. பி.பி. மட்டும் பார்த்தால் 100 என்பது பலருக்கு அச்சம் தராது. வகுத்துப் பார்த்தால் ஒன்றைத் தாண்டியது தெரியும். கூட்டமான வார்டில் வகுத்தலுக்கு நேரமிருக்காது என்பதால், இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்காகக் காட்டும் ஒரு பி.பி. கருவியும் வந்தது. சியரா லியோன், மலாவி, சாம்பியா முதலிய நாடுகளில் அதைச் சோதித்தார்கள். கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைக் கொடுத்ததால் மட்டும் மரணம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விளக்கு சிவப்பானால் அடுத்து என்ன செய்வது, யார் செய்வது என்று வகுத்திராத இடத்தில் விளக்கால் பயனில்லை.

அந்த 'அடுத்து என்ன' என்பதைச் சேர்த்துச் சோதித்ததுதான் ஈ-மோட்டிவ் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், சுகப்பிரசவமான 2,10,000-க்கும் மேற்பட்ட பெண்கள். முடிவு 2023 மே மாதம் வெளியானது. ஒரு லிட்டர் இரத்தத்தை இழந்தவர்கள், இரத்தப்போக்குக்காக வயிற்றைத் திறக்க வேண்டிவந்தவர்கள், அதனால் இறந்தவர்கள் ஆகியோரைச் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை தந்த இடங்களில் 4.3 சதவீதம், புதிய முறை வந்த இடங்களில் 1.6 சதவீதம். அதாவது 60 சதவீதக் குறைவு. புதிய மருந்து ஒன்றும் கிடையாது. எல்லாம் ஏற்கெனவே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை. மாறியவை இரண்டு: இரத்தத்தை அளந்தார்கள், சிகிச்சைகளை ஒவ்வொன்றாக முயன்று காத்திராமல் மொத்தமாகச் செய்தார்கள். வழக்கமான இடங்களில் இரத்தப்போக்குக்கு ஆளான பெண்களில் பாதிப்பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். அளந்த இடங்களில் 93 சதவீதம்.

அளக்கும் கருவி ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அவ்வளவுதான். இடுப்புக்கு அடியில் விரிக்கிற அகன்ற தாள். முனையில் புனல்போல் குறுகும் பை. பையில் மில்லிலிட்டர் கோடுகள். 300-இல் ஓர் எச்சரிக்கைக் கோடு, 500-இல் ஒரு செயல் கோடு. இந்த வகை விரிப்பின் முன்னோடிகளில் ஒன்று கர்நாடகத்தின் பெல்காமில் உருவானது. விலை ஓரிரண்டு டாலர்.

ஆனால் விரிப்பைத் தவறாகப் போட முடியும். குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகே விரிக்க வேண்டும். முன்பே விரித்தால் நீரும் பையில் இறங்கி அளவு பொய்யாகும். பை கட்டில் ஓரத்துக்குக் கீழே தொங்க வேண்டும். தட்டையான கட்டிலில் கால்மாட்டில் இறக்கம் இல்லாவிட்டால் இரத்தம் மடிப்புகளில் தேங்கும். அப்போது தேங்கியதைப் பைக்குள் தள்ளி, பையைச் செங்குத்தாகப் பிடித்துப் படிக்க வேண்டும். பஞ்சிலும் துணியிலும் ஊறியதை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கூட்டிக்கொள்ளலாம். கையிருப்பு தீர்ந்தால் சில இடங்களில் விரிப்பைக் குளோரினில் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். ஒருமுறை பயன்படுத்தி வீச வேண்டிய பொருளை அப்படிச் செய்வது தொற்றை வரவழைக்கும். இரத்தம் படிந்த பிளாஸ்டிக்கை எரிக்க உலை இருக்கிறதா என்று விரிப்பு வாங்குமுன்பே பார்க்காதவர்கள் பிறகு பின்கட்டில் குவியலைப் பார்ப்பார்கள்.

பிறந்த பின் முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்தைப் பார்க்கிறார்கள்: பையில் எவ்வளவு, ஓட்டம் எப்படி, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, நாடி, பி.பி. ஒரு மணி நேரம் கழித்தும் வழிந்தால் இரண்டாம் மணி நேரமும் தொடரும். 500 மில்லிலிட்டரைத் தொட்டால் உடனே சிகிச்சை. 300-ஐத் தாண்டியிருந்து, நாடி 100-க்கு மேல், மேல் பி.பி. 100-க்குக் கீழ், கீழ் பி.பி. 60-க்குக் கீழ், வகுத்த விடை 1-க்கு மேல் என ஏதாவது ஒன்று இருந்தாலும் சிகிச்சைதான். இந்த 300 என்ற எல்லையை உலகச் சுகாதார நிறுவனமும் 2025 அக்டோபரில் தன் வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டது. ஏன் 500-க்குக் காத்திருக்கவில்லை என்பதற்குக் காரணம் இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் 7 கிராம் மட்டுமே இருக்கும் 45 கிலோ பெண்ணுக்கு அரை லிட்டர் என்பதே பெரிய இழப்பு.

சிகிச்சையின் பகுதிகள் இவை. வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தடவி இறுகச் செய்வது, ஒரு நிமிடம்வரை. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து 10 யூனிட், 200 முதல் 500 மில்லிலிட்டர் சலைனில் கலந்து பத்து நிமிடத்தில். பின் 20 யூனிட், ஒரு லிட்டர் சலைனில், நான்கு மணி நேரத்தில். ஆக்சிடோசினை நேரடியாக வேகமாக இரத்த நாளத்தில் ஏற்றினால் பி.பி. சரியும். உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில். அரை மணி நேரம் கழித்தும் நிற்காவிட்டாலோ 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினாலோ இன்னொரு கிராம். கூடவே ட்ரிப்ஸ். சிறுநீர்ப்பையைக் காலி செய்து, இரத்தக் கட்டிகளை அகற்றி, கிழிசல் உண்டா, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்ப்பது. எல்லாம் 15 நிமிடத்துக்குள். ஒருவர் தடவும்போது இன்னொருவர் ஊசி போட வேண்டும். தனியாள் ஷிஃப்டில் இது நடக்காது. உதவிக்குக் கூப்பிட மணியோ போனோ இல்லாத பிரசவ அறைக்கு முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

பழைய முறையில் என்ன நடந்தது? ஆக்சிடோசின் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நிற்காவிட்டால் இன்னொரு டோஸ். பிறகு, கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மிசோப்ரோஸ்டால். டிரானெக்சாமிக் அமிலம் கடைசியில், 'கைமீறினால்' என்று. இதுதான் பெரிய பிழை. இந்த மருந்தை 1962-இல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். பிரசவ இரத்தப்போக்கில் அதைச் சோதிக்க வேண்டும் என்பது உதாகோவின் நெடுநாள் விருப்பம். 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முடிவு இது: மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் இறப்பது 1.7 சதவீதத்திலிருந்து 1.2 சதவீதமாகிறது, மூன்று மணி தாண்டினால் பலன் இல்லை. தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே இதைப் பார்மசி அலமாரியில் பூட்டிவைத்துச் சீட்டு எழுதி வாங்கச் சொல்வது, மருந்தே இல்லாததற்குச் சமம். பிரசவ அறையில், தள்ளுவண்டியில், ஊசி, கேனுலா, சலைனோடு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: அதன் ஆம்பூலும் முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்தின் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதுண்டு. மாற்றி முதுகில் போட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

இனி மருந்தின் தரம். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நைஜீரியாவில் பல பகுதிகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆக்சிடோசின் மாதிரிகளில் ஏறக்குறைய முக்கால்வாசி தேறவில்லை. பல காரணங்கள் சேர்ந்தே இதைச் செய்கின்றன. சில தயாரிப்பாளர்கள் லேபிளில் 'சாதாரண வெப்பநிலையில் வைக்கலாம்' என்று அச்சிடுகிறார்கள். கிடங்கில் அதை நம்பி வெளியே அடுக்குகிறார்கள். மின்சாரம் போகிறது. சுகாதார நிலையத்தில் நன்றாக ஓடும் ஃபிரிஜ் பெரும்பாலும் தடுப்பூசித் துறையுடையது. அதில் வேறு மருந்து வைக்க அனுமதி இருக்காது, சாவியும் வேறொருவரிடம். இந்த அபத்தத்தை நீக்கத்தான் 2019-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து, ஆக்சிடோசினைத் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று அறிவித்தன.

வீரியமற்ற மருந்தின் தீங்கு அது வேலை செய்யாததோடு முடிவதில்லை. ஒரு ஆம்பூல் போதாது என்று கண்ட ஊழியருக்கு இரண்டு, மூன்று போடும் பழக்கம் வந்துவிடும். பிறகு நல்ல சரக்கு வந்தால், பிரசவ வலியைத் தூண்டுவதற்குப் போடும்போது அதே கை அளவு மீறும், கர்ப்பப்பை கிழியும்.

வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற ஊசி மருந்து இதற்கு ஒரு மாற்று. 30 டிகிரியில் மூன்று ஆண்டு கெடாது. பத்து நாடுகளில் 29,645 பெண்களிடம் செய்த ஆய்வில், இரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்கு இது குறைந்ததல்ல என்று 2018-இல் தெரிந்தது. பிரசவமானதும் 100 மைக்ரோகிராம், ஒரே ஊசி. பொதுத்துறைக்கான சலுகை விலை சுமார் 31 அமெரிக்க சென்ட். ஆனால் இது வருமுன் தடுப்பதற்கு மட்டுமே. இரத்தப்போக்கு தொடங்கிய பின் சிகிச்சைக்கு ஆக்சிடோசின்தான். குழந்தை பிறக்கும் முன் இதைப் போட்டுவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. கர்ப்பப்பை நீண்ட நேரம் இறுகி நிற்கும். எனவே கார்பெடோசின் வந்தாலும் ஃபிரிஜ் தேவை தீராது. இரண்டையும் வேறு வேறு நிறப் பெட்டியில் வைத்து, எது எப்போது என்று சுவரில் ஒட்ட வேண்டும்.

ஊசி போடத் தெரிந்தவரே இல்லாத ஊர்களுக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை. தடுப்பதற்கு 600 மைக்ரோகிராம் வாய்வழி. சிகிச்சைக்கு 800, நாக்கின் அடியில். வீட்டுப் பிரசவம் மிகுந்த பகுதிகளில் கர்ப்பிணிக்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கிறார்கள். இரட்டைக் குழந்தை இருந்து, முதல் குழந்தை பிறந்ததும் விழுங்கிவிட்டால் விபரீதம். வயிற்றில் கைவைத்து இன்னொன்று இல்லை என்று உறுதி செய்த பிறகே விழுங்க வேண்டும் என்பதைக் கர்ப்பிணிக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்று பக்கத்தில் இருக்கப்போகும் மாமியாருக்கும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை ஈரத்தில் கெடும். இருபுறமும் அலுமினியத் தாள் உள்ள பட்டையில் வந்ததையே வாங்குவது முறை.

இதெல்லாம் செய்தும் நிற்காத சிலர் இருப்பார்கள். அவர்களை உயிரோடு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது அடுத்த வேலை. அதற்கு ஒரு நியோப்ரீன் உடுப்பு உண்டு, கணுக்காலிலிருந்து வயிறுவரை வெல்க்ரோவால் இறுக்குவது. கால்களிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளி, இதயத்துக்கும் மூளைக்கும் கிடைக்கச் செய்யும். போடும்போது கணுக்கால் முதலில், பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பு, கடைசியில் வயிறு. போட்ட பிறகும் கீழே சிகிச்சை செய்ய இடமிருக்கும். ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது அதைக் கழற்றும் முறை. சேரும் மருத்துவமனையில் இதைப் பார்த்திராத ஒருவர் 'இது என்ன' என்று வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்த்தால் சில நிமிடங்களில் பி.பி. பாதாளத்துக்குப் போகும். இரண்டு மணி நேரமாக நிலைமை சீராக இருந்து, நாடி 100-க்குக் கீழ், மேல் பி.பி. 100-க்கு மேல், ஹீமோகுளோபின் 7-க்கு மேல், இரத்தப்போக்கு மணிக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால்தான் தொடங்கலாம். அதுவும் கணுக்காலிலிருந்து, ஒவ்வொரு பகுதிக்கும் 15 நிமிட இடைவெளி. பி.பி. 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ உடனே திரும்பக் கட்ட வேண்டும். அனுப்பும் இடத்துக்கு மட்டும் பயிற்சி தந்து, சேரும் இடத்தை விட்டுவிடும் திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. உடுப்பு பெரிய மருத்துவமனையிலேயே தங்கிவிடுவதும் வழக்கம். அதைத் திருப்பி அனுப்ப ஒரு பதிவேடு வேண்டும்.

கர்ப்பப்பைக்குள் ஆணுறையைக் குழாயில் கட்டிச் சலைன் நிரப்பி அழுத்தும் முறை வங்கதேசத்தின் மருத்துவர் சயீபா அக்தர் உருவாக்கியது. மலிவு, புத்திசாலித்தனமானது, நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உகாண்டா, எகிப்து, செனகல் நாடுகளில் 18 மருத்துவமனைகளில் இதை அறிமுகம் செய்து சோதித்தபோது, அறுவை சிகிச்சையும் மரணமும் குறையவில்லை, கூடின. கிழிசலோ தங்கிய நஞ்சுக்கொடியோ இருப்பதைப் பார்க்காமல் பலூனை வைத்திருக்கலாம். பலூனை நம்பி ஆபரேஷனைத் தாமதித்திருக்கலாம். இன்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது: அறுவை சிகிச்சையும் இரத்தமும் கைக்கெட்டும் இடத்தில் மட்டுமே பலூன். உருப்படியான யோசனை என்று தோன்றுவதையும் சோதிக்காமல் பரப்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வண்டி விஷயத்தில் தான்சானியாவின் எம்-மாமா நல்ல ஏற்பாடு. 115 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால், ஆம்புலன்ஸ் பக்கத்தில் இல்லாதபோது முன்பே பதிவு செய்த உள்ளூர் டாக்சி ஓட்டுநரை அனுப்புகிறார்கள். அவருக்குக் கூலி மொபைல் பணமாக வந்துவிடும். குடும்பம் வண்டிக்காரரோடு பேரம் பேசும் நேரம் மிச்சம். புதிய ஆம்புலன்ஸ் நன்கொடை தருகிறவர்கள் டீசலையும் டயரையும் ஓட்டுநர் சம்பளத்தையும் நினைப்பது அரிது. அந்த வண்டிகள் மருத்துவமனை வாசலில் நிற்பதைப் பல மாவட்டங்களில் பார்க்கலாம்.

இரத்தம் கிடைப்பது இன்னும் கடினம். பல நாடுகளில் கையிருப்பு மிகக் குறைவு. குடும்பத்தினரே மாற்று இரத்தம் கொடுக்க வேண்டும் என்பார்கள். நள்ளிரவில் கணவர் தகுந்த கொடையாளரைத் தேடி, பரிசோதனை முடித்து, பை கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ருவாண்டா 2016 அக்டோபரில் முஹாங்கா என்ற ஊரிலிருந்து ட்ரோன் மூலம் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. சாலையில் போவதைவிட 79 முதல் 98 நிமிடம்வரை மிச்சமானது என்றும், காலாவதியாகி வீணான இரத்தம் ஓராண்டில் 67 சதவீதம் குறைந்தது என்றும் 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் பயந்து பதுக்க வேண்டியதில்லை. மையத்தில் ஒன்றாக வைத்துக் கேட்டதும் அனுப்பலாம். ஆனால் ட்ரோன் சுமக்கும் இரத்தத்தை யாரோ தானமாகக் கொடுத்திருக்க வேண்டும். ருவாண்டாவில் முதலில் நாடு தழுவிய தன்னார்வக் கொடை அமைப்பு இருந்தது, பிறகே ட்ரோன் வந்தது.

பிரசவ வலிக்கு முன்பே தொடங்கும் வேலை இரத்தச்சோகையைக் குறைப்பது. நைஜீரியா, தான்சானியா, சாம்பியா, பாகிஸ்தானில் இரத்தச்சோகை உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு, கடும் சோகை உள்ளவர்கள் இறப்பதோ மரணத்தின் விளிம்புவரை போவதோ மிதமான சோகை உள்ளவர்களைவிட ஏழு மடங்கு என்று காட்டியது. அதே ஆய்வில், இரத்தப்போக்கு வருமுன்பே எல்லோருக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. ஆகவே சோகையை நேரடியாகவே எதிர்கொள்ள வேண்டும்: இரும்புச்சத்து மாத்திரை, கொக்கிப்புழு மருந்து, கொசுவலை. மலேரியா உள்ள பகுதிகளில் நான்காம் மாதம் முதல், மாத இடைவெளியில், குறைந்தது மூன்று முறை சல்ஃபடாக்ஸின்-பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்து, ஒவ்வொரு முறையும் மூன்று மாத்திரை. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் நிலையத்திலேயே விழுங்கவைப்பது வழக்கம். அதற்குக் குடிதண்ணீரும் டம்ளரும் வேண்டும். அது இல்லாமலே இத்திட்டம் தடுமாறிய இடங்கள் உண்டு. அடுத்தடுத்த பிரசவங்களும் கர்ப்பப்பையைத் தளர்த்தும் என்பதால் கருத்தடையும் இந்தக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெண் தானே தோலடியில் போட்டுக்கொள்ளும் ஊசியை மலாவியில் சோதித்தபோது, ஓராண்டு முடிவில் 73 சதவீதம் பேர் தொடர்ந்தார்கள்; நிலையத்துக்கு வந்து போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம்தான்.

மருத்துவர்களை அனுப்புவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மொசாம்பிக் 1984-இலேயே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பட்டம் இல்லாத ஊழியர்களுக்கு மூன்றாண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சி. பட்டம் பெற்ற மருத்துவர்கள் சில ஆண்டுகளில் தலைநகருக்குப் போய்விட, இவர்கள் மாவட்டத்திலேயே தங்கினார்கள். 2002-இல் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய பேறுகால அறுவை சிகிச்சைகளில் பத்தில் ஒன்பதை இவர்களே செய்தார்கள். மலாவி, தான்சானியா, எத்தியோப்பியா, சியரா லியோன் நாடுகளும் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கின்றன. சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. மறுநாளே கூட்டம் பெருகும், மருந்து தீரும், 'இலவசம்' என்ற பலகையின் கீழேயே கையில் பணம் வாங்குவது தொடங்கும். பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. கட்டணத்தை நீக்கும் அன்றே மருந்துக் கொள்முதலையும் ஊழியர் சம்பளத்தையும் உயர்த்தியாக வேண்டும்.

ஈ-மோட்டிவ் ஆய்வு காட்டிய 60 சதவீதக் குறைவு சுகப்பிரசவத்துக்கு மட்டும் பொருந்தும். சிசேரியனில் கதை வேறு. 22 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வில், சிசேரியனுக்குப் பின் தாய் இறப்பது பணக்கார நாடுகளைப்போல் சுமார் 50 மடங்கு என்று 2019-இல் தெரியவந்தது. அங்கே இரத்தம் உறிஞ்சும் ஜாடி, பஞ்சு, துணி, பனிக்குட நீர் எல்லாம் கலந்துகிடப்பதால் அளப்பதே கடினம். சிசேரியன் எண்ணிக்கையை உயர்த்துவதையே வெற்றியாகக் காட்டும் அறிக்கைகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

நீங்கள் ஒரு மருத்துவமனைக்கு உதவ நினைத்தால், கணக்கை இப்படிப் போடுங்கள். மாதம் 300 சுகப்பிரசவம் என்றால் விரிப்பு 330. அளக்கத் தொடங்கினால் சுமார் 30 பேருக்கு இரத்தப்போக்கு என்று வரலாம். சிலருக்கு இரண்டாம் டோஸ் சேர்த்து டிரானெக்சாமிக் அமிலம் 40 கிராம், அதாவது 500 மில்லிகிராம் ஆம்பூல் 80. ஆக்சிடோசின் தடுப்புக்கு 300 ஆம்பூல், சிகிச்சைக்கு ஆளுக்கு மூன்று. பயிற்சியை விடுதி மாநாட்டு அறையில் வைக்காதீர்கள். பிரசவ அறையிலேயே, அந்த ஷிஃப்டில் உள்ளவர்களோடு, அந்தத் தள்ளுவண்டியை வைத்து நடத்துங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும்.

முதல் மாதத்தில் இரத்தப்போக்கு எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும். முன்பு கண்ணுக்குத் தப்பியவை இப்போது எழுதப்படுகின்றன, அவ்வளவே. மாவட்ட அலுவலகத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் 'உங்கள் வார்டில் நிலைமை மோசமாகிறதே' என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அடுத்த மாதம் செவிலியர்கள் குறைத்து எழுதத் தொடங்குவார்கள். அதனால் மாதப் பதிவேட்டில் எத்தனை பேர் என்பதை மட்டும் பார்க்காமல், எழுதிய அளவுகளின் வரிசையையும் பாருங்கள். உண்மையாக அளந்தால் 180, 340, 95, 610 என்று சிதறிக் கிடக்கும். 290-உம் 490-உமாகக் குவிந்திருந்தால் கோட்டைத் தொடாமல் எழுதுகிறார்கள் என்று பொருள். அப்போது செவிலியரைக் கண்டிக்காமல், அந்தக் கடிதத்தை எழுதியவரிடம் பேசுங்கள்.